உப்பினுள் ஓர் உப்பு: பொட்டாசியம் அயோடைடின் மருத்துவப் பயன்கள்



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. சுவையைக் கருதி எழுந்த இம்மொழிக்கு மருத்துவ நூலார் வேறொரு பொருளும் காண்கின்றனர். நாம் உண்ணும் உப்பினுள்ளே அயோடின் சேர்ந்த மற்றோர் உப்பு மிகச் சிறிய அளவிற் கலந்திருத்தல் வேண்டும். அஃது இல்லையேல் பண்டத்தின் சுவை குறைவதில்லை. உண்பவரின் உடல் நலமும், அவர் வயிற்றில் வளரும் குழவியின் அறிவும் குறைந்துவிடக்கூடும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. இவ்வின உப்புகளுள் மருத்துவ உலகில் நெடுங்காலம் வழங்கிவருவது பொட்டாசியம் அயோடைடு. அதுவே உணவில் அணுவளவாகவும், மருந்துப் புட்டியிற் செறிந்த கரைசலாகவும், அணு உலை விபத்துக் காலத்தில் மாத்திரையாகவும் பயன்பட்டு வந்துள்ளது. பொருள் ஒன்றே, அளவு மாறுந்தோறும் அதன் செயலும் மாறுகின்றது. அம்மாற்றத்தைத் தெரிந்துகொள்ளாதவர் நன்மையை நாடித் தீமையை அடைதல் கூடும்.

பொட்டாசியம் அயோடைடு பார்வைக்குச் சமையலுப்பைப் போன்றே வெண்மையான படிக வடிவினது. கசப்பும் கரிப்பும் கலந்த சுவையுடையது. நீரில் மிக எளிதிற் கரைவது. பொட்டாசியம், அயோடின் என்னும் இரு தனிமங்கள் கூடி அமைந்தது. எடையில் நூறு பங்கு எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 76 பங்கு அயோடினே. ஆகவே இம்மருந்தின் சிறப்பும் தீங்கும் பெரும்பாலும் அயோடினைச் சார்ந்தவை. பொட்டாசியத்தின் பங்கு சிறிதாயினும், சிலருக்கு அதுவும் கேடு விளைப்பதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அயோடின் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1811-ஆம் ஆண்டில், நெப்போலியனின் போர்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிரான்சு நாட்டில் பெர்னார் குர்த்துவா என்பவர் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்புச் செய்யும் தொழிலை நடத்திவந்தார். அத்தொழிலுக்குக் கடற்பாசியைச் சுட்ட சாம்பல் பயன்பட்டது. அச்சாம்பற் கரைசலிற் கந்தக அமிலத்தை அளவுக்கு மேற் சேர்த்தபோது ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்திற் படிந்து, கருமையாய்ப் பளபளக்கும் படிகங்களாயிற்று. கே-லுசாக் என்னும் வேதியியல் அறிஞர், ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார்.

முன்கழுத்திற் கழலை தோன்றியவர்களுக்குக் கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கொடுக்கும் வழக்கம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது. அச்சாம்பலின் குணம் அதிலுள்ள அயோடினால் விளைவதாகலாம் என்று கருதிய ஜெனீவா நகரத்து மருத்துவர் குவாந்தே, 1820-ஆம் ஆண்டில் அயோடினையே நோயாளிகளுக்குக் கொடுத்தார். பலருக்குக் கழலை சுருங்கிற்று. ஆயினும் வேறு சிலருக்கு நெஞ்சுத் துடிப்பு மிகுந்து உடல் மெலிந்தது. மருந்து பயன்பாட்டுக்கு வந்த அப்போதே, அதன் இரு முகங்களும் ஒருங்கே வெளிப்பட்டன.

தனி அயோடின் நீரில் எளிதிற் கரைவதில்லை. பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் நன்கு கரைந்துவிடும். இப்பண்பைப் பயன்படுத்தி, 1829-ஆம் ஆண்டில் லுகோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு கரைசல் செய்தார். நூறு பங்கில் ஐந்து பங்கு அயோடினும் பத்துப் பங்கு பொட்டாசியம் அயோடைடும் அடங்கிய கரைசல், இன்றும் அவர் பெயராலேயே மருத்துவமனைகளில் வழங்குகின்றது.

இம்மருந்து கழுத்திலுள்ள கழலையை ஏன் சென்று பற்றுகின்றது? இவ்வினாவுக்கு 1896-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் பௌமான், தைராய்டு என்னும் சுரப்பியில் அயோடின் இயற்கையாகவே இருப்பதைக் கண்டார். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறம், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்திருப்பது இச்சுரப்பி. இரத்தத்தில் ஓடும் அயோடைடை இழுத்துத் தன்னுள் திரட்டி, அதனைக் கொண்டு தைராக்சின் என்னும் இயக்கநீரை இது ஆக்குகின்றது. தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கெண்டல் அதனைத் தனியே பிரித்தெடுத்தார். உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தைகளின் வளர்ச்சி, மூளையின் முதிர்ச்சி ஆகிய அனைத்தும் இவ்வியக்கநீரைச் சார்ந்தே நடைபெறுகின்றன.

இவ்வளவு பெரும் பணிக்கு வேண்டிய அயோடின் எவ்வளவு? வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம். ஒருவர் 70 ஆண்டு வாழ்ந்தாலும் அவருக்குத் தேவைப்படும் அயோடின் மொத்தம் நான்கு கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். ஆனால் அதனை ஒரே நாளில் உண்டு சேமித்து வைத்துக்கொள்ள இயலாது. நாள்தோறும் சிறுகச் சிறுகக் கிடைத்தல் வேண்டும்.

கிடைக்காவிடில் நிகழ்வது யாது? நூல் வரத்துக் குறைந்த நெசவாளர், வரும் சிறு நூலையும் தவறவிடாதிருக்க மேன்மேலும் தறிகளைக் கூட்டினால் எவ்வாறிருக்கும்? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை அவ்வாறே தூண்டுகின்றது. தைராய்டு பருத்துக்கொண்டே போகின்றது. இதுவே முன்கழுத்துக் கழலை. கழுத்து வீங்குவது கண்ணுக்குத் தெரியும் கேடு. அதனினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகக் குறைந்தால் கரு சிதைதலும், குழந்தை இறந்து பிறத்தலும் நேரக்கூடும். பிழைத்துப் பிறக்கும் குழந்தை செவிடாகவும் ஊமையாகவும், அறிவு வளராததாகவும், குறுகிய வளர்ச்சியுடையதாகவும் ஆகலாம். குறைவு சிறிதாயினும் பள்ளியிற் கற்கும் ஆற்றல் மந்தமடையும். கருவில் வளராத மூளையைப் பிற்காலத்தில் எம்மருந்தாலும் முழுதும் சீர்செய்ய இயலாது. அதனாலேயே கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

அயோடினின் பெருங்களஞ்சியம் கடல். மலைப்பகுதிகளில் பனிப்பாறைகளும் பெருமழையும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அம்மண்ணில் விளையும் தானியத்திலும், அங்கு மேயும் பசுவின் பாலிலும் அயோடின் அருகிவிடுகின்றது. காசுமீரம் முதல் வடகிழக்கு எல்லை வரை இமயத்தின் அடிவாரம் முழுவதும் கழலை நோய் நெடுங்காலம் பரவியிருந்ததற்குக் காரணம் இதுவே. வெள்ளம் அடிக்கடி வந்து போகும் ஆற்றுச் சமவெளிகளுக்கும் இக்குறை உண்டு. அவ்விடங்களிற் குடியேறி வாழும் தமிழன்பர்களும், தம் குழந்தைகள் உண்பது அம்மண்ணின் விளைவையே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கடலோரத்திற் பிறந்தவர் என்பது காப்பாகாது. உடல் பழைய சேமிப்பை நெடுநாள் வைத்திருப்பதில்லை. பிற்காலத்து ஆய்வுகள் இந்நாட்டின் எந்த மாநிலமும் இக்குறைபாட்டிலிருந்து முற்றிலும் விலகியதன்று என்றே காட்டின.

இக்குறையைத் தீர்க்கும் வழியை நம் நாட்டு அறிஞர்களே நம் மண்ணில் ஆராய்ந்து காட்டினார்கள் என்பது பெருமைக்குரியது. 1956-ஆம் ஆண்டில், இன்று இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்க்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவரைச் சார்ந்த ஆய்வாளர்களும் ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்ந்த உப்பும், மற்றொரு பிரிவினருக்குப் பொட்டாசியம் அயோடேட் சேர்ந்த உப்பும், எஞ்சிய பிரிவினருக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதலிரு பிரிவுகளிலும் பள்ளிக் குழந்தைகளிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் அத்தகைய குறைவு ஏற்படவில்லை. இம்முடிவின் அடிப்படையில் 1962-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று.

அயோடைடு, அயோடேட் இரண்டும் ஒத்த பயன் தந்தனவெனின், நம் நாட்டு உப்பில் இன்று அயோடேட்டையே சேர்ப்பது ஏன் என்னும் ஐயம் எழலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றிற் பொட்டாசியம் அயோடைடு எளிதிற் சிதைந்து, அதிலுள்ள அயோடின் ஆவியாய்ப் போய்விடும். உப்பளத்திலிருந்து மூட்டையாகக் கட்டப்பட்டு, இரயில் வண்டியிற் பல நூறு மைல் சென்று, கடையிற் பல நாள் கிடக்கும் உப்புக்கு அது பொருந்தாது. அயோடேட் அவ்வாறன்றி நிலைத்து நிற்கும்; வயிற்றை அடைந்தபின் அயோடைடாக மாறி அதே பயனைத் தரும். குளிர்ந்த, வறண்ட நாடுகள் சிலவற்றில் அயோடைடு சேர்ந்த உப்பே வழக்கில் உள்ளது. பின்னர் நம் நாட்டில் அயோடின் சேர்ந்த உப்பை நாடெங்கும் பரப்பும் முயற்சி 1986-ஆம் ஆண்டிலிருந்து நடந்தது. மக்கள் நேராக உண்பதற்கு அயோடின் சேராத உப்பை விற்பது 2006-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

இல்லத்தரசிகள் கருத வேண்டியவை சில உள. கடையில் விற்கும் உப்பில், பத்து லட்சம் பங்குக்குப் 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வுப்பிற் பத்து கிராம், ஒரு நாளைக்கு வேண்டிய 150 மைக்ரோகிராமையும் தந்துவிடும். அயோடினுக்காக உப்பை மிகுத்து உண்ணல் தகாது. இரத்த அழுத்தத்துக்கு அது பகை. பாலும் மீனும் முட்டையும் எஞ்சிய பங்கை ஈடுசெய்யும். வடநாட்டில் விரத நாட்களில் வழங்கும் இந்துப்பில் அயோடின் மிகக் குறைவு. அதனைச் சில நாள் உண்பதாற் கேடில்லை. அதுவே தூயதென்று கருதி ஆண்டு முழுவதும் சமையலுக்குக் கொள்வோர், அயோடினை வேறு வழியில் தேட வேண்டியவராவர். ஊரிலிருந்து கொணரும் கல்லுப்பிலும் அயோடின் சேர்ந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளல் நன்று. உப்பை மூடியுள்ள கலத்திற் காற்றும் ஈரமும் படாது வைத்து, சமையலின் இறுதியிற் சேர்த்தால் அயோடின் இழப்புக் குறையும்.

இனி, மருந்தாகும் பொட்டாசியம் அயோடைடைப் பற்றிப் பார்ப்போம். மருத்துவர் தரும் செறிந்த கரைசலில், ஒரு மில்லி லிட்டரில் ஒரு கிராம் வரை இவ்வுப்பு அடங்கியிருக்கும். இதனைத் துளிக்கணக்கிலேயே கொடுப்பர். இதன் ஒரு துளியிலுள்ள அயோடின் பல மாதங்களின் உணவுத் தேவைக்கு ஈடாகும். இவ்வளவு மிகுதி வந்து சேரும்போது தைராய்டு சுரப்பி ஒரு வியப்பான செயலைச் செய்கின்றது. இயக்கநீரை மிகுதியாக்காமல், ஆக்குவதையே நிறுத்திக்கொள்கின்றது. ஊல்ஃப், சைக்கோஃப் என்னும் இருவர் 1948-ஆம் ஆண்டில் இதனைச் சோதனையால் விளக்கினர். குறைந்தால் ஊக்கம், மிகுந்தால் தடை என்னும் இந்நியதி, சுரப்பி தன்னைத்தானே காத்துக்கொள்ள இயற்கை வகுத்த ஏற்பாடு எனலாம். உடல் நலமுள்ளவரிடம் இத்தடை சில நாட்களில் நீங்கிச் சுரப்பி பழைய நிலையை அடையும்.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, கண் பிதுங்கி, நெஞ்சு படபடத்து, உடல் உருகும் நோய் ஒன்றுண்டு. அந்நோயாளிக்கு அறுவை சிகிச்சைக்கு முன் அயோடின் கொடுத்தால் ஆபத்துக் குறையும் என்று 1923-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிளம்மர் நிறுவினார். அறுவைக்கு முந்தைய ஏறத்தாழ பத்து நாட்கள் பொட்டாசியம் அயோடைடுத் துளிகளையோ லுகோல் கரைசலையோ கொடுத்தால், சுரப்பியினுட் பாயும் இரத்தம் குறைந்து, அது சற்று உறுதிப்படுகின்றது. இதனை நெடுங்கால மருந்தாகக் கொள்ளல் இயலாது. சில வாரங்களில் தடை தளர்ந்து, நோய் முன்னிலும் மிகலாம். ஆகவேதான் பிற மருந்துகளுடன், முறையாக, குறித்த நாளளவுக்கே இதனைத் தருவர்.

முள் குத்திய இடத்தில் ஒருவகைக் காளான் புகுந்து, புண்ணாகி, கையின் நிணநாள வழியே மணிமணியாகக் கட்டிகள் தோன்றும் நோய் மற்றொன்று. ஸ்போரோட்ரிகோசிஸ் என்று இதனைக் கூறுவர். தோட்ட வேலை செய்வோரிடமும் உழவரிடமும் காணப்படும் இந்நோய், நம் நாட்டில் இமாசலப் பிரதேசம் முதலிய இமயச் சாரலில் மிகுதி. இதற்குப் பொட்டாசியம் அயோடைடுக் கரைசலைச் சில துளிகளில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, வாரக்கணக்கிற் கொடுக்கும் முறை நூறாண்டுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. இப்பொழுது இட்ரகோனசோல் என்னும் மருந்தே முதலிடம் பெற்றிருப்பினும், விலை மலிவான பழைய மருந்தும் கைவிடப்படவில்லை. சளியை இளக்குவதற்காக இருமல் மருந்துகளில் இதனைச் சேர்க்கும் வழக்கமோ பெரும்பாலும் மறைந்துவிட்டது. நெடுநாள் உண்டவர்களுக்குத் தைராய்டு கெட்டதே அதற்கு ஒரு காரணம்.

அணு உலை விபத்துக் காலத்தில் இம்மருந்து ஆற்றும் பணி தனித்தன்மை வாய்ந்தது. உலை சிதையும்போது வெளிப்படும் பொருள்களில் ஒன்று கதிரியக்க அயோடின். எட்டு நாட்களுக்கு ஒருமுறை அதன் வலிமை பாதியாகக் குறையும். காற்று வழியாகவும் பால் வழியாகவும் உட்புகும் அதனைத் தைராய்டு, நல்ல அயோடின் என்றெண்ணியே இழுத்துத் திரட்டிக்கொள்ளும். அதற்கு முன்பே பொட்டாசியம் அயோடைடைக் கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிட்டால், பின்வரும் நச்சு அயோடினுக்கு உள்ளே இடமிராது. சிறுநீர் வழியே வெளியேறிவிடும். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் செர்னோபிலில் விபத்து நேர்ந்தபோது, அண்டை நாடாகிய போலந்து ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சம் குழந்தைகளுக்கும் 70 லட்சம் பெரியவர்களுக்கும் இம்மருந்தை வழங்கிற்று. கடுமையான தீங்கு மிக அரிதாகவே நேர்ந்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தைகளிற் சிலருக்கு மட்டும் தைராய்டின் செயல் சின்னாள் மந்தமாகிப் பின்னர்ச் சீரடைந்தது. கதிரியக்கம் கலந்த பாலைக் குழந்தைகள் அருந்திவந்த பெலாரஸ், உக்ரைன், உருசியப் பகுதிகளிலோ, பின்னர் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தைராய்டுப் புற்றுநோய் தோன்றிற்று.

இம்மாத்திரையின் அளவு வயதுக்கு ஏற்ப வேறுபடும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்க்கு 130 மில்லிகிராம். மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை 65. ஒரு மாதம் முதல் மூன்று வயது வரை 32. ஒரு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 16. கதிரியக்கம் தாக்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து, தாக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் உண்பதே மிகச் சிறந்த பயன் தரும். எட்டு மணி வரை ஓரளவு பயனுண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்க்குப் பயன் குறைவு. குழந்தைகளுக்கும் கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்குமே முதலுரிமை. சீசியம் முதலிய பிற கதிரியக்கப் பொருள்களையோ, வெளியிலிருந்து உடலைத் தாக்கும் கதிர்களையோ இது தடுப்பதில்லை. தாராப்பூர், இராவத்பாட்டா, நரோரா, காக்ராபார், கைகா முதலிய அணுமின் நிலையங்களின் அருகே வாழும் நேயர்கள் இதனைத் தெளிவாக அறிதல் நலம். அதிகாரிகள் அறிவித்த பின்னரே மாத்திரையை உண்ண வேண்டும். அச்சத்தால் முன்கூட்டி உண்ணல் ஆகாது.

2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானின் புகுஷிமாவில் விபத்து நேர்ந்தபோது, சீனத்தில் மக்கள் கடைகளில் முண்டியடித்து அயோடின் உப்பை வாங்கிக் குவித்தனர். இஃது அறியாமையால் விளைந்த வீண் முயற்சி. ஒரு மாத்திரையிலுள்ள அயோடினைப் பெற, பத்து லட்சத்துக்கு 30 பங்கு அயோடினுள்ள உப்பில் மூன்று கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். அயோடின் அவரைக் காக்குமுன் உப்பே அவரைக் கொன்றுவிடும். புண்ணுக்குத் தடவும் டிங்சர் அயோடினைக் குடிப்பது அதனினும் கொடிது. அது தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கும் நஞ்சு.

மருந்தளவில் நெடுநாள் உண்பவர்க்கு நேரும் தீங்குகளையும் கூறவேண்டும். வாயில் உலோகச் சுவை, வாயும் தொண்டையும் எரிதல், பல்லும் ஈறும் நோதல், தாடையோரத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்குதல், மூக்கொழுகுதல், முகப்பரு போன்ற கொப்புளங்கள், வயிற்றுக் கோளாறு ஆகியவை அயோடின் மிகுதியின் அறிகுறிகள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நீங்கிவிடும். பல ஆண்டுகளாகக் கழலையுடைய முதியவர்க்குத் திடீரென்று மிகுந்த அயோடின் சேர்ந்தால், சுரப்பி கட்டுமீறிச் சுரந்து இதயத்தைத் தாக்கும். வேறு சிலருக்குச் சுரப்பி அடியோடு மந்தமாகிவிடும். கருவுற்றவர் மருத்துவர் அறியாமல் இதனை உண்டால் கருவிலுள்ள குழந்தையின் கழுத்திற் கழலை தோன்றலாம். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும், இரத்த அழுத்தத்துக்காகச் சில வகை மாத்திரைகளை உண்பவர்க்கும், இதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். மனநோய்க்காக லித்தியம் உண்பவர் இதனைச் சேர்த்து உண்டால் தைராய்டு மேலும் மந்தமாகும்.

ஆகவே, கழுத்தில் வீக்கம் கண்டவுடன் அயோடின் குறைவென்று தாமே முடிவுகட்டி மருந்து வாங்குதல் கூடாது. கழலைக்குக் காரணங்கள் பல. சில வகைகளுக்கு அயோடின் நஞ்சாகும். இரத்தச் சோதனை செய்து மருத்துவரே அதனைத் தெளிதல் வேண்டும். உணவுக்குரிய சிறு அளவோ எவருக்கும் அஞ்சத்தக்கதன்று. உங்கள் இல்லத்திற் கருவுற்ற பெண்ணோ வளரும் குழந்தையோ இருப்பின், இன்றே சமையலறைக்குச் சென்று உப்பு உறையின் மேல் எழுதியுள்ளதைப் படித்துப் பாருங்கள். அயோடின் சேர்ந்தது என்னும் குறிப்பு அதில் இருக்குமாயின், உறையைப் பிரித்து மூடியுள்ள கலத்திற் கொட்டி வையுங்கள். நாளொன்றுக்கு வேண்டிய மருந்து அதிலேயே அடங்கியுள்ளது.